அரைப்பேர்

காலை நிறுவைக்குத் தராசைக் கட்டும்போது
சங்கிலியில் இன்னும் பனி ஒட்டியிருக்கும்.
கொக்கியில் சாக்கு ஏறும், முள் ஆடும், நிற்கும்.
ஒன்பதில் நிற்கும்.
நான் சொல்வேன்: ஏழு.

ஈரத்துக்கு ஒன்று, சாக்குக்கு ஒன்று.
ஆபிஸ் போட்ட கணக்கு, என் கையெழுத்து.
மண் வெடித்துக் கிடக்கும் மாசியிலும்
ஈரத்துக்கு ஒன்று.
நாளைக்கு மூன்று நிறுவை, எண்பது பெண்கள்,
பதினாறு வருஷம்.
பெருக்கிப் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை அதே கை
காணிக்கைப் பை பிடிக்கும்.
பொகவந்தலாவைக்கு மேலே, பீலிக்கரைப் பக்கம்
தகரம் போட்ட சின்னச் சபை.
மழை வந்தால் பிரசங்கம் கேட்காது,
பாஸ்டரின் வாய் மட்டும் அசையும்.
பையைத் திருப்பிக் கொண்டுவரும்போதே
எவ்வளவு தேறும் என்று கைக்குத் தெரியும்.
எடை பார்த்துப் பழகிய கை.
அதில் எனக்கு ஒரு ரகசியப் பெருமை.

அன்று சாட்சி சொல்ல எழுந்தாள் கிருபைமலர்.
விரல் இடுக்கில் கொழுந்துக் கறை,
எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாத கறுப்பு.
கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்:
"இந்த மாசம் எட்டு நாள்
பதினேழுலயே நின்னுச்சு ஆண்டவரே,
பதினெட்டு எட்டல.
அந்த எட்டு நாள் அரைப்பேர்லயும்
அடுப்பு அணையாம காத்தீரே, ஸ்தோத்திரம்."

எல்லோரும் ஆமென் என்றார்கள்.
நானும் சொன்னேன்.
சத்தமாகத்தான் சொன்னேன்.

சாயந்தரம் யாருமில்லாத மடுவத்தில்
வெறும் சாக்கை எடுத்துக் கொக்கியில் மாட்டினேன்.
முள் அசைந்ததா இல்லையா என்று
குனிந்து பார்க்க வேண்டியிருந்தது.

ஜெபிக்க வரவில்லை.
மன்னியும் என்று தொடங்கினால்
யாரிடம் கேட்கிறேன் என்ற கேள்வி வந்தது.
அவர் தந்துவிடுவார், தெரியும்.
அவள் பக்கத்து லயத்தில்
ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை முள் ஒன்பதில் நின்றது.
ஒன்பது, என்றேன்.
கிருபைமலர் சாக்கைக் கழற்றாமல் நின்றாள்.
"சரியாப் பாருங்க,
பிறகு ஆபிஸ்ல என்னையத்தான் கேப்பாங்க."
கூடுதலாக எழுதியதைக் கண்டு
பயப்படப் பழக்கியிருக்கிறேன் இவர்களை.

சின்னதுரை ஏட்டைப் புரட்டினார்.
"என்னப்பா, கொழுந்து திடீர்னு காஞ்சு போச்சா?
உனக்குக் கவ்வாத்து மலை தோதுப்படும் போல."
பதில் சொல்லவில்லை. தைரியசாலி அல்ல நான்.
அன்றிலிருந்து சாக்குக்கு ஒன்றுமில்லை,
மழை பெய்தால் மட்டும் ஈரத்துக்கு ஒன்று.
இவ்வளவுதான் முடிந்தது.
இதைச் சாட்சியாகச் சொல்ல வெட்கம்.

ஆடிக் காற்று அடித்த ஒரு நாள்,
மகன் வேலையைவிட்டு வந்ததைச் சொல்லிச்
சிரித்தாள் பூரணவல்லி.
அவள் சாக்கு ஏறியது, முள் பத்தில் நின்றது.
என் வாய் சொன்னது: ஒன்பது.
காற்றுதான் அடித்தது, மழை இல்லை.
அவள் பேசாமல் கூடையை மாட்டிக்கொண்டு போனாள்.
நெற்றியில் கயிற்றுத் தழும்பு.

இரவெல்லாம் தகரம் படபடத்தது.
மறுநாள் அவள் பெயருக்கு நேரே
ஒன்றைக் கூட்டி எழுதினேன்.
"நேத்து ஒரு கிலோ விட்டுப்போச்சு" என்றேன்.
"விட்டா போச்சு?" என்றாள்.
"இல்ல" என்றேன்.
அந்த ஒரு சொல்லுக்கு
பதினாறு வருஷத்தின் கனம் இருந்தது.
அவள் சிரிக்கவில்லை. மன்னித்தாளா, தெரியாது.

இந்த ஞாயிறும் கிருபைமலர் எழுந்தாள்.
மகளின் இருமல் நின்றதற்கு ஸ்தோத்திரம் என்றாள்.
கிலோவைப் பற்றி ஒன்றும் இல்லை.
தராசைப் பற்றி ஒன்றும் இல்லை.
எல்லோரும் ஆமென் சொல்லி உட்கார்ந்த பிறகு
என்னுடையது தனியாக,
கொஞ்சம் பிந்தி வந்தது.