தேடி

அவர் பெயர் தேடி.
விளையாட்டில்லை. தேடி மல்க்வீன்.
அயர்லாந்தில், கிளேர் பக்கத்தில்,
அப்படி ஒரு பெயர் உண்டாம்.
என் கணவனின் பாட்டனுடைய பாட்டன்.
ஆங்கிலத்தில் 'கிரேட், கிரேட்' என்று
இரண்டு தரம் சொல்லி மூச்சு வாங்கினான் கர்ட்டிஸ்.
ஓட்டன், என்றேன்.
அவ்வளவுதானா, என்றான்.

நாக்ஸ் கவுண்டி, நெப்ராஸ்கா.
நீதிமன்ற நிலவறையில் ஹீட்டர் இருமுகிறது.
பேனா கூடாது, பென்சில் மட்டும் என்று
பதிவேடுகளை மேசையில் இறக்கிவிட்டுப் போகிறாள் மார்வா.

கப்பல் பட்டியலில் டேடி.
எழுபதாம் ஆண்டுக் கணக்கெடுப்பில் டெடி.
ரயில்பாதைக் கூலிக்கணக்கில் டி. மக்வீன்,
ஸ்காட்லாந்துக்காரனாகவே ஆக்கிவிட்டார்கள்.
பிள்ளைகளின் ஞானஸ்நானப் புத்தகத்தில் பாதிரியார் மட்டும்
ததேயு என்று எழுதி
அப்போஸ்தலர்களோடு உட்காரவைத்திருக்கிறார்.
எழுதுகிறவன் காதில் விழுந்ததுதான் பெயர்.
எனக்கு இது புதிதல்ல.
ஒமாஹாவில் பல் வைத்தியரிடம்
'மிஸஸ் இருளப்பன்' என்று என் அப்பாவைக் கூப்பிடுகிறார்கள்;
நான் எழுந்து போகிறேன்.

நிலத்தை உறுதிசெய்த தாள், 1878.
வீடு?
புல்மண் கட்டிகளால். பதினாலுக்குப் பதினாறு அடி.
கதவு ஒன்று, சன்னல் ஒன்று.
உழுதது?
இருபத்திரண்டு ஏக்கர்.
தொடர்ந்து குடியிருந்தீரா?
ஒரு குளிர்காலம் ரயில்பாதை வேலைக்குப் போனேன்.
மனைவி இருந்தாள்.

மனைவி இருந்தாள்.
பெயர்கூட இல்லை. வேறொரு தாளில் கண்டுபிடித்தோம்: ஆனர்.
ஒரு நாள் பெய்தால் மூன்று நாள் ஒழுகும் கூரைக்குக் கீழே,
ஆடி வராமலே அம்மி பறக்கும் இந்தக் காற்றில்,
இரண்டு பிள்ளைகளோடும் ஒரு பசுவோடும்
அவள் இருந்தாள்.
அரசாங்கத்துக்கு அந்த ஒரு வினைச்சொல் போதுமாயிருந்தது.

அடியில், பெயருக்கும் குடும்பப் பெயருக்கும் நடுவே
ஒரு பெருக்கல் குறி.
அவர் கை வைத்தது அங்கே மட்டும்தான்.
ஒரு கோடு ஆழமாக, மற்றது அவசரமாக.
கர்ட்டிஸ் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.
அவன் வீட்டில் சொல்லி வளர்த்த கதையில்
தேடி வந்தபோது இங்கே யாருமே இல்லை,
புல் மட்டும்.

கழிவறைக்குப் போகும் படிக்கட்டுச் சுவரில்
கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு நகல்:
போன்கா மக்களின் ஒப்பந்தம்.
யாரோ எழுதிய பெயர்கள்,
ஒவ்வொன்றின் நடுவிலும் அதே பெருக்கல் குறி.
நான் படியிலேயே நின்றுவிட்டேன்.

எழுபத்தேழு மே மாதம், மழையில்,
அவர்களைத் தெற்கே நடத்திக்கொண்டு போனார்கள்.
தேடியின் வயல் ஆற்றிலிருந்து எத்தனை மைல் என்று
வரைபடத்தில் விரல் வைத்து அளந்தோம்.
பார்த்திருப்பார்.
பார்க்காமலும் இருந்திருக்கலாம், விதைக்கிற மாதம்.
கிளேரிலிருந்து தபாலில் வந்த பண்ணைக்கணக்கு
கர்ட்டிஸ் பையில் இருக்கிறது. அதில் ஒரு வரி:
'மல்க்வீன். கூரை பிரிக்கப்பட்டது. ஆட்கள் ஏழு.'
ஏழில் ஒருவருக்கு மூன்று வயது.
அந்த வயதில் பார்த்தது
முப்பத்திரண்டில் ஞாபகம் வருமா?
எந்தத் தாளிலும் அந்தக் கேள்வி இல்லை.

நிலப்பதிவேட்டில் முந்தைய உரிமையாளர்:
அமெரிக்க அரசு.
அதற்கு மேலே தாளின் விளிம்பு.

கர்ட்டிஸ் ஒன்றும் பேசவில்லை.
கொஞ்ச நேரம் கழித்து,
உன் மொழியில் அவர் பெயருக்கு அர்த்தம் உண்டா, என்றான்.
உண்டு, ஆனால் முடியாது, என்றேன்.
வினையெச்சம்.
பின்னால் ஒரு சொல் வந்தால்தான் நிற்கும்.
தேடி வந்தார். தேடி எடுத்துக்கொண்டார்.
தேடி, தொலைத்தவர்களின் மேல் போய் நின்றார்.
எதை எழுத?
நோட்டில் தமிழில் அவர் பெயரை எழுதி
பென்சிலைத் தூக்காமல் வைத்திருந்தேன்.

நாலரைக்கு மூடுவோம், என்றாள் மார்வா.