ஒற்றைப் பீப்பாய், எண் 1174

கடனுக்குப் பதிலாக வந்த போத்தல் இது.
சீனன்குடாவில் நின்ற கோதுமைக் கப்பலின் இரண்டாம் எஞ்சினியர்
வெங்காயம், டீசல் வடிகட்டி, இருபது கிலோ ஆட்டிறைச்சி
எல்லாம் சேர்ந்த பில்லைப் பார்த்துத் தலையைச் சொறிந்து
துவாயில் சுற்றித் தந்துவிட்டுப் போனான்.

லேபிளில் மூன்று வரிதான்.
பீப்பாய் எண். ஐம்பத்தேழு தசம் ஒன்பது வீதம்.
இருநூற்று இருபத்தெட்டுப் போத்தலில் நூற்றுமூன்றாவது.
அதற்குப் பிறகு அந்தப் பீப்பாய்
வெறும் மரம்.

ஞாயிறு மாலை, உட்துறைமுகம் தெரியும் என் ஸ்டோரின் மேல்மாடி.
நான்கு கிளாஸ், ஒரு கொப்பி,
ஜாம் போத்தலில் கன்னியாக் கிணற்றுத் தண்ணீர்.
அது குணநாயகம் கொண்டுவந்தது,
வெந்நீர் தானாக ஆறினால் அதற்குத் தனிக் குணமாம்.
கப்பல் தட்டைச் சுத்தியலால் தட்டி
துரு எங்கே என்று சொல்கிற மனிதர்
எதையும் முதலில் தட்டித்தான் பார்ப்பார்.
கிளாஸையும் தட்டினார்.

மூக்கை வைத்த உடனே பெனடிக்டா சிரித்தாள்:
"இது எங்கட வார்டு."
அயடின். அவித்த கோஸ் துணி.
ஈரப் பஞ்சு கிடக்கும் தகரத் தட்டு.
முப்பத்தொரு வருஷம் தாதியாக நின்றவள்
ஒரு மிடறு விழுங்கி, கண்ணை மூடி,
"ஆனா இங்க ஒருத்தரும் அழேல்ல" என்றாள்.

குணநாயகத்துக்குத் தார் பூசிய கயிறு,
நங்கூரச் சங்கிலியோடு மேலே வரும் சேறு,
நாக்கின் நடுவில் பனங்கட்டி,
ஓரத்தில் கறுத்துப் பழுத்த விளாம்பழம்,
இறங்கும்போது மிளகு.
எண்பத்தெட்டு என்றார்.
யோசித்து, எண்பத்தேழரை.

எனக்குப் புகை மட்டும்.
புகைக்குப் பின்னால் இன்னொரு புகை.
மரம் குறைந்த ஏதோ தீவில் சதுப்பை வெட்டி
செங்கல்போல் அடுக்கிக் காயவைத்து எரிப்பார்களாம்.
எத்தனையோ நூறு வருஷத்துப் புல்லும் பாசியும் எரிய
மேலே பார்லி அந்தப் புகையைக் குடித்தபடி கிடக்குமாம்.
பிறகு மூடி, அடைத்து, பன்னிரண்டு வருஷம்.

எனக்குத் தெரிந்த புகைக்குப் பீப்பாய் கிடைக்கவில்லை.
டயர். கிடுகு. யாருடையதோ அரிசி மூட்டை.
அதை மூடிவைத்தவர்கள் இருக்கிறார்கள்தான்,
புள்ளி போடக் கூப்பிட்டதில்லை யாரையும்.

ஜௌபர் குடிப்பதில்லை.
கிண்ணியாவில் அத்தர் விற்கிறவர்,
அவரை அழைத்தது மூக்குக்காக.
கிளாஸைத் தொடாமல் யன்னலோரம் இருந்து
கைக்குட்டையால் காற்றை விசிறி இழுத்தார்.
"ஊது மாதிரித் தொடங்குது, கருவாட்டில முடியுது.
நடுவில ஆரோ ஆப்பிள் சீவுறாங்க."
நாங்கள் மூவரும் திரும்பக் குனிந்தோம்.
இருந்தது, ஆப்பிள்.
இத்தனை நேரமும் எங்கே நின்றது?

"கோவம் இன்னும் தீரல்ல. ஒரு சொட்டுத் தண்ணி விடுங்க."

விட்டோம்.
புகை எழுந்து நின்று
பஸ்ஸில் இடம் தருகிறவர்போல் ஒதுங்கியது.
மழை விழுந்த சுண்ணாம்புச் சுவர் வந்தது,
தேனடை வந்தது,
பெனடிக்டா கொப்பியைப் பிடுங்கித் தன் எண்பதை வெட்டி
தொண்ணூற்றொன்று என்று எழுதினாள்.
குணநாயகம் எண்பத்தாறுக்கு இறங்கினார்:
தண்ணீர் விட்டால் எதுவும் நல்லபிள்ளையாகும்,
துருவை மறைக்கிற பெயின்ற் வேலை அது.
இரண்டு பேரும் என் பங்கையும் குடித்துக்கொண்டே சண்டை பிடித்தார்கள்.

கூட்டிப் பிரித்தால் எண்பத்தெட்டரை வரும்.
கூட்டிப் பிரிப்பது கலவைக்காரன் வேலை.
பக்கம் பக்கமாக இரண்டையும் எழுதினேன்,
ஜௌபரின் கட்டத்தில் 'ஆப்பிள்',
என் கட்டம் வெறுமை.

காலையில் கழுவ எடுத்த கிளாஸ்களில் புகை இன்னும் இருந்தது.
வாசற்படியில் வைத்துவிட்டுச் சவர்க்காரம் எடுத்துவர
பஸ் நிலையப் பக்கமிருந்து வந்த புள்ளிமான் ஒன்று
ஒவ்வொன்றாக முகர்ந்து
நான்காவதில் தும்மியது.

அதையும் குறித்துக்கொண்டேன்.