பூஜ்யம் புள்ளி மூன்று ஆறு

ஓப்போட்டிக்கியில் இரவு மணி இரண்டு.
போர்வை கனக்கிறது,
அதுவும் வெறும் பருத்தி ஓரம்.
மர லாரி ஓட்டும் நிக்கோரா
வலக்காலின் பெருவிரலை மட்டும்
குளிரில் நீட்டிப் படுத்திருக்கிறான்.
கட்டில் அசைந்தாலே கத்துகிறான் என்று
நைரி பக்கத்து அறைக்குப் போய்விட்டாள்.

பீர், என்பார்கள் ரக்பி மைதானத்தில்.
சிப்பி தின்ற கொழுப்பு, என்பார்கள்.
அவனும் சிரிப்பான்
ஷூ நாடாவைத் தளர்த்திக்கொண்டே.
பதினோரு வருடம் அப்படிச் சிரித்தான்.

மருந்துக்கடை மெரெயானா சிரிக்கவில்லை.
"பீர் தீக்குச்சி, சரி.
விறகு நீ பிறக்கும்போதே அடுக்கியாயிற்று.
உன் சிறுநீரகம் கஞ்சன்,
வெளியே விட வேண்டியதை முடிந்து வைக்கிறது.
உன் அப்பாவுடையதும் அப்படித்தான்.
யூரிக் அமிலம் பூஜ்யம் புள்ளி மூன்று ஆறுக்குக் கீழே
இறங்க வேண்டும். இறங்கி, அங்கேயே கிடக்க வேண்டும்."

வலிக்காத காலுக்கு
தினமும் ஒரு மாத்திரை.
குரைக்காத நாய்க்குச் சோறு வைப்பதுபோல.

முதல் மாதம் மாத்திரையே வலியைக் கிளப்பியது.
கரையும் படிகம் சும்மா கரையாது,
நிறுத்திவிடாதே என்று
அவள் முன்பே சொல்லியிருந்தாள்.
டப்பாவை வேலிக்கு அப்பால் வீசினான்.
விடிவதற்குள் டார்ச்சோடு தேடிப் போனான்,
ஒற்றைக் கால் செருப்போடு,
ஈரப் புல்லில், கெட்ட வார்த்தைகளோடு.

கை முட்டியில் இருந்த சுண்ணாம்புக் கட்டி
மெல்லச் சிறுக்கிறது. எப்போது தொடங்கியது என்று
அவனுக்கே தெரியாது.

நைரி திரும்பி வந்துவிட்டாள்.
தூக்கத்தில் போர்வை முழுவதையும்
தன் பக்கம் சுருட்டிக்கொள்கிறாள்.
பெருவிரல் மறுபடியும் குளிரில்.
இழுத்துப் பார்க்கிறான்;
விடமாட்டேன் என்கிறாள்.