மூன்று மணி மின்சாரம்

தார்த்துவில் மின்சாரத்துக்கு
மணிக்கொரு விலை.
கைப்பேசியில் ஒரு கோடு ஏறும், இறங்கும்.
விடியற்காலை மூன்றுக்கு அது படுத்துக்கொள்ளும்போது
நான் எழுந்துகொள்கிறேன்.
இரவுச் சட்டைமேல் மேலங்கி மாட்டி
பனியை மிதித்துப் போய்ச்
சூளையின் பொத்தானை அழுத்துகிறேன்.

இருநூற்று நாற்பது கோப்பைகள்,
பார்னு கடற்கரை விடுதிக்கு.
ஒரே நீலம், ஒரே உயரம்.
கொள்முதல் பார்க்கும் ரைவோ நல்ல மனிதர்,
கேட்காமலே முன்பணம் தந்தவர்.
அதில்தான் நவம்பர் வாடகை,
மகனுக்குப் பனிக்காலணி,
இந்தச் சூளைக்கே புதுக் கம்பிச்சுருள்.
ஆகவே
நீலத்தைத் திட்ட எனக்கு வாயில்லை.

எழுபதாவது கோப்பையில் கை தானாக ஓடும்.
நூற்றுப்பத்தில் கையும் நானும்
பேச்சு முறிந்த தம்பதி.
நூற்று அறுபத்து மூன்றில்
தூரிகை வழுக்கிற்று என்றுதான் சொல்வேன், யாராவது கேட்டால்.
உள்ளே, அடியில்,
காபி தீர்ந்தால் மட்டும் தெரிகிற இடத்தில்
ஒரு முள்ளெலி.
பாதி முள் தூக்கத்தில், பாதி கோபத்தில்.
அன்று நான் சிரித்தது
சக்கரத்துக்கு மட்டும் கேட்டது.

வைக்கோல் திணித்துப் பெட்டிகளை அனுப்பினேன்.
மறந்தும் போனேன்.

பிப்ரவரியில் மடல்:
மதிப்புக்குரிய ஹெல்வே,
விருந்தினர் ஒருவர் ஒரு கோப்பையைத் திருப்பித் தரவில்லை.
காசு கொடுத்து எடுத்துப் போய்விட்டார்.
முள்ளெலியோடு முந்நூறு வேண்டும்,
எல்லாம் ஒரே மாதிரி.
தள்ளுபடி உண்டா?

முதலில் துள்ளினேன்.
கூட்டிப் பார்த்தேன்: ஜூன் வரை வாடகை.
பிறகு சக்கரத்தின் முன் உட்கார்ந்து
நெடுநேரம் மண்ணைத் தொடவில்லை.
பக்கத்துத் தோட்டத்தில் திருடித் தின்ற ஆப்பிளை
தோட்டத்துச் சொந்தக்காரரே
கூடை நிறையக் கொண்டுவந்து
ரசீதோடு வைத்தது போல.

சரி என்று எழுதினேன்.
தள்ளுபடி இல்லை என்றும்.
முள்ளெலிகள் ஒன்றுபோல் ஒன்று இரா என்று எழுதி,
அழித்து,
மறுபடி எழுதினேன்.
வரிக்கணக்கு தனி என்பதையும் சேர்த்தேன்.

இன்று மூன்று மணி.
முதல் அறுபது உள்ளே வேகின்றன.
அவற்றில் ஏதோ ஒன்றின் அடிப்புறத்தில்,
மேசை மட்டும் பார்க்கிற இடத்தில்,
வேறொன்று வரைந்திருக்கிறேன்.
என்னவென்று ரைவோவுக்குச் சொல்லமாட்டேன்.
உங்களுக்கும்தான்.

மகனுக்குக் காலணி அதற்குள் சிறியதாகிவிட்டது.
ஐந்து மணிக்கு விலைக்கோடு எழுந்து நிற்கும்.
தெரியும்.
பாதிச் சூட்டில் சூளையை நிறுத்த முடியாது.