ஒற்றை டொலர்

வினிபெக். தை மாதம்.
வெளியே பூச்சியத்துக்குக் கீழே முப்பத்தெட்டு.
இரவு ஒன்பதரைக்கு ஃபர்னஸ் செத்தது.

கொம்பனிக்காரன் வியாழக்கிழமை வருவதாகச் சொன்னான்.
அன்று திங்கள்.
மகள் வன்கூவரிலிருந்து
"ஹோட்டலுக்குப் போங்கோ அம்மா" என்றாள்.
அங்கே மழையாம்.

மனுசன் விட்டுப்போன தொட்டியில்
இரண்டு மீன்கள் அசையாமல் நின்றன.
போர்வையைத் தொட்டிக்குச் சுற்றிவிட்டு
கோட்டோடு முழங்காலில் நின்று கேட்டேன்:
ஆண்டவரே, யாரையாவது அனுப்பும்.
கொஞ்சம் யோசித்து,
பத்திநாதனை மட்டும் வேண்டாம்
என்றும் சேர்த்துக்கொண்டேன்.

செபத்தில் நிபந்தனை போடலாமோ தெரியாது.
ஆனால் நாலாயிரம் டொலர்.
மனுசனிடம் கைமாற்றாக வாங்கியது.
செத்தவீட்டுக்கு வந்து
பெட்டியின் காலடியில் நின்று அழுதான்,
அதைப் பற்றி ஒரு சொல் இல்லை.
சிவப்புக் கொப்பியில் திகதியோடு எழுதி வைத்திருக்கிறேன்.
பூசையில் சமாதானம் கொடுக்கிற நேரம்
அவன் என் பக்கம் திரும்பினால்
குனிந்து கையுறை தேடுவேன்.
இரண்டு கையுறையும் கையில்தான் இருக்கும்.

சுவாமிக்குப் போன் எடுத்தேன். அவர் பிராண்டனில்.
"பயப்படாதேங்கோ, ஆள் அனுப்புறன்" என்றார்.
அவருக்குத் தெரிந்த ஃபர்னஸ்காரன்
இந்த நகரத்தில் ஒரே ஒருவன்தான் என்று
எனக்கு அப்போது உறைக்கவில்லை.

பதினொன்றேகாலுக்கு மணி அடித்தது.
தாடியில் பனிக்கட்டி.
குடித்துவிட்டு ஓட்டியதில் கார் லைசென்ஸ் போய்,
பிறகு தொழில் லைசென்ஸும் போய்,
ஆயுதப்பெட்டியைப் பிள்ளைகளின்
பிளாஸ்ரிக் சறுக்குவண்டியில் கட்டி
பதின்மூன்று தெரு இழுத்து வந்திருக்கிறான்.
வாயில் சாராய மணம், அதற்கு மேலே கராம்பு.
"அக்கா, எங்கை கிடக்குது?"

நிலவறையில் நான்தான் டோர்ச் பிடித்தேன்.
மூடியைக் கழற்றி, பக்கவாட்டில் படுத்து,
முதலில் ஃபர்னஸைத் திட்டினான்,
பிறகு அதைச் செய்தவனை, அவன் தாயை.
சுவரில் இருந்த திருக்குடும்பப் படத்தை
மெல்லத் திருப்பி வைத்தேன்.

விரல் நீளத்தில் ஒரு கம்பி. கரி பிடித்திருந்தது.
"நெருப்பு வருது அக்கா,
இவருக்குத்தான் அது தெரியேல்லை,
அதாலை காஸை நிப்பாட்டுறார்."

தேய்க்க ஏதாவது கேட்டான்.
ஐந்து டொலர்த் தாளை நீட்டினேன்.
"எங்கடை காசு பிளாஸ்ரிக், வழுக்கும்."
சட்டைப்பைக்குள் கைவிட்டான்.
நாலாய் மடித்த ஒற்றை அமெரிக்க டொலர்.
கசினோவுக்குப் போகும்போதெல்லாம்
ராசிக்கென்று நெஞ்சோடு வைத்திருப்பது;
மனுசன் சொல்லிச் சிரித்திருக்கிறார்.
எங்கள் நாலாயிரமும்
அந்தத் தாளின் காவலில்தான் போனது.
அதைக் கொண்டு கம்பியைத் தேய்த்தான்,
குழந்தைக்குப் பல் துலக்குவதுபோல்
அவ்வளவு மெதுவாக.
பொத்தானை அழுத்தி
"எரியடி மூதேவி" என்றான்.

எரிந்தது.

அந்த வீட்டில் அன்றிரவு சொன்ன செபங்களில்
கேட்கப்பட்டது எது என்று
இப்போதும் யோசிப்பதுண்டு.

தேத்தண்ணிக்கு நாலு கரண்டி சீனி கேட்டான்.
கோப்பை அவன் கையில் கிடுகிடுத்தது.
குளிரா, மற்றதா, நான் கேட்கவில்லை.
கடனைப் பற்றி அவனும் வாய் திறக்கவில்லை.
தொட்டியை எட்டிப் பார்த்து
"லூயிஸ் அண்ணையின்ரையோ?" என்றான்.
ஓம் என்றேன்.
சறுக்குவண்டியை இழுத்துக்கொண்டு போனான்.

ஞாயிறு பூசைக்கு வரவில்லை.
கையுறை இரண்டையும் கழற்றி
மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன்.
சனி இரவு கசினோ வாசலில் கண்டதாக
திரேசம்மா சொன்னாள், சந்தோசமாக.

கொப்பியை நான் கிழிக்கவில்லை.
நாலாயிரத்துக்குக் கீழே "ஃபர்னஸ்" என்று எழுதி
தொகை போடத் தெரியாமல் விட்டிருக்கிறேன்.
அவன் மறந்துபோன டொலரும்
அந்தப் பக்கத்தில்தான் கிடக்கிறது, கரியோடு.
கேட்டு வந்தால் கொடுப்பதா,
எங்கே போகும் என்று தெரிந்தும்?

கீழே 'டிக்' என்றொரு சத்தம்.
கொஞ்சம் பொறுத்து
காலடியில் சூடு வருகிறது.