பாதை எந்த நிரலில்

கச்சேரியிலிருந்து ஒரு படிவம் வந்திருக்கிறது.
வெள்ளிக்குள் நிரப்பி அனுப்பவேண்டுமாம்.
நிரல் அ: உல்லாசப் பயணிகளைக் கவரும் இடங்கள்.
நிரல் ஆ: மக்களுக்கான சேவைகள்.
நடுவில் ஒரு கோடு,
அடிமட்டம் வைத்துக் கீறியது.

அ எளிது.
கடலுக்குள் குந்தியிருக்கும் கோட்டை.
வெளிச்சவீடு.
மாசியில் களப்பில் ஒற்றைக்காலில் நிற்கும் பூநாரைகள்
(வருகை நிச்சயமில்லை என்று பக்கத்தில் குறித்தேன்).
அந்தோனியார் கோயிலடிக் கூத்து,
வருடத்தில் ஓர் இரவு, விடியும்வரை,
நுளம்புத்திரி கொண்டுவரவும்.

ஆ அதைவிட எளிது.
தாய்சேய் நிலையம், செவ்வாய் மட்டும்.
வாசிகசாலை, பத்திரிகை இரண்டு, மின்விசிறி ஒன்று.
நாய்களுக்கு விசர் ஊசி, இலவசம்.
தண்ணீர் பவுசர், ஒருநாள் விட்டு ஒருநாள்.
விட்டுவிடும் நாள் எதுவென்று எழுத
இடம் தரவில்லை.

பிறகு பாதை.

பாதை என்றால் எங்களுக்கு றோட்டு அல்ல.
காரைநகரில் றோட்டு முடிந்து
தண்ணீரைப் பார்த்து முழிக்கிற இடத்தில்
கட்டி நிற்கும் இரும்புத் தட்டு.
ஊர்காவற்றுறையில் கொண்டுபோய்
மறுபடி றோட்டில் இறக்கிவிடும்.
சந்தியாப்பிள்ளை கயிற்றை அவிழ்த்தால் பத்து நிமிசம்.
எஞ்சின் முரண்டினால் கணக்கில்லை.

கனடாவிலிருந்து வந்த பெடியன்
கைபேசியை உயர்த்திப் படம் பிடிக்கிறான்.
“எவ்வளவு காசு அங்கிள்?”
“காசில்லைத் தம்பி. கால் நனையாமல் ஏறும்.”
அவனுக்கு இது அ.
ஐஸ் சொட்டும் மீன்பெட்டியோடு
அவன் படத்தின் ஓரத்தில் பாதி விழுந்த
இராக்கினி அக்காவுக்கு ஆ.

போன செவ்வாய்
நடுத்தண்ணீரில் எஞ்சின் நின்றது.
ஏறியிருந்தவர்கள்:
குளிர்பெட்டியில் போலியோச் சொட்டோடு
மருத்துவிச்சி திலோத்தமை,
மூன்று மோட்டார் சைக்கிள்காரர், ஓர் ஆடு,
நான்,
ஏரோது அரசன்.

ஏரோது மற்ற நாட்களில்
கூட்டுறவுச் சங்கத்தில் அரிசி நிறுக்கிறவர், வஸ்தியாம்பிள்ளை.
ஒத்திகைக்குப் போகிறார்.
முடி ஒரு புடவைக்கடைப் பையில்,
வாள் பத்திரிகையில் சுற்றி.

வெயில் ஏறியது.
திலோத்தமை மணிக்கூட்டைப் பார்த்தாள்,
பெட்டியைப் பார்த்தாள்,
ஒன்றும் சொல்லவில்லை.
ஏரோது பையைத் துழாவி
வெல்வெற் அங்கியை எடுத்தார்,
பாலகரை வெட்டச் சொல்லும் காட்சிக்கு உடுக்கிற அதே அங்கி,
உதறி விரித்துப்
பெட்டிக்கு மேல் நிழலாகப் பிடித்தார்.
அரைமணித்தியாலம். கை மாற்றி மாற்றி.
ஒருவரும் பகிடி விடவில்லை.
ஆடு கத்தியபோதுதான் சிரித்தோம்.

“சும்மா நிக்காமல் ஒரு பாட்டெண்டாலும் படியும்” என்றார்
எஞ்சினுக்குள் தலை விட்டிருந்த சந்தியாப்பிள்ளை.
ஏரோது படித்தார்,
அவருக்கு வேறு பாட்டு மனப்பாடமில்லை,
கொலைக் கட்டளையைத்தான்,
மிகத் தணிந்த குரலில்
பெட்டி எழும்பிவிடும் என்பதுபோல.

எஞ்சின் பிடித்தது.
அக்கரையில் குடைகளின் கீழே தாய்மார்,
மடியிலும் தோளிலும் பதினொரு பிள்ளைகள்.
மருந்து குளிராகத்தான் இருந்ததாம்.
ஏரோது சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு
ஓட்டோ தேடிப் போனார்.

இதை எந்த நிரலில் எழுத?
செயலாளரிடம் கேட்டேன்.
“ரெண்டிலயும் போட்டால் கணினி எடுக்காது, பிள்ளை.”
ஒன்றிலும் போடாவிட்டால்?
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
துடைத்துக்கொண்டே இருந்தார்.

படிவத்தின் அடியில்
‘வேறு’ என்றொரு கட்டம், நகத்தளவு.
அதற்குள் பாதை என்று எழுதினேன்.
பாவின் கால் உள்ளே நிற்கிறது,
தை வெளியே போய்விட்டது.
அழித்து எழுதலாம்,
ஆனால் ஆறுக்குக் கடைசிப் பாதை,
இப்போது ஐந்தே முக்கால்,
சந்தியாப்பிள்ளை
கச்சேரி ஏசண்டர் வந்தாலும் பொறுக்கமாட்டார்.