நாற்பத்தேழாம் எண்ணின் கொழுப்பு

விக் சமவெளியில் நவம்பர் என்றால் மூடுபனி.
காரிலிருந்து பார்த்தால் வேலிக்கம்பம் ஐந்து தெரியும்,
ஆறாவது இல்லை.
தண்ணீர்தான்,
காற்றில் கரையவும் மாட்டாமல் விழவும் மாட்டாமல்
நிற்கிறது.
பன்றிச்சாண வாடை மட்டும் வழி கேட்காமல்
எனக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிடும்.

ஆறு மணி. தட்டு, கரண்டி, பனிப்பெட்டி.
தின்றதை நிறுப்பது, கழித்ததை நிறுப்பது,
நடுவில் காணாமல் போனதற்குச்
செரிமானம் என்று பெயர் எழுதுவது.
இதற்குத்தான் சம்பளம்.
அடையாளத்துக்குக் கலக்கும் குரோமியத் தூள்
எல்லாக் குட்டிகளையும் பச்சையாகப் பேள வைக்கிறது.
சட்டைக் கையில் பட்டால் எந்தச் சலவைக்கும் மசியாது.

தாயின் பாலிலும் கொழுப்பு உண்டு, நிறையவே.
அது தன்னைக் கொழுப்பென்று காட்டிக்கொண்டதில்லை.
பொடித் துளிகளாய்,
துளிக்கொரு சவ்வுச் சட்டை மாட்டிக்கொண்டு,
குடலுக்கு அதிக வேலை வைக்காமல் இறங்கியது.
இருபத்தோராம் நாள் மாலை
பால் மறக்கடித்து வேனில் ஏற்றினோம்.
மறுநாள் காலை தொட்டியில்
சோளமாவும் மாட்டுக்கொழுப்பும்.
கணையம் திகைத்தது.
பித்தம் இன்னும் பள்ளிக்கூடமே போகவில்லை.
கட்டியாய் உள்ளே போன கொழுப்பு
கட்டியாய் வெளியே வந்தது,
ஊர் சுற்றிப் பார்க்க வந்த ஆள் மாதிரி.

நாற்பத்தெட்டுக் குட்டிகள்.
பாதிக்கு மாட்டுக்கொழுப்பு, பாதிக்குச் சோயா எண்ணெய்.
ஒவ்வொரு பாதியிலும் பாதிக்கு லெசித்தின்,
தேன் நிறத்தில் கரண்டியை விடாத பிசின்.
அதன் தலைக்குத் தண்ணீர் பிடிக்கும், வாலுக்கு எண்ணெய்.
இரண்டு வீட்டிலும் கை நனைத்துவிட்டு வரும்
கல்யாணத் தரகன்.

ஞாயிறு, வீட்டில் அலியோலி இடித்தேன்.
பூண்டு, உப்பு, சொட்டுச் சொட்டாய் ஆலிவ் எண்ணெய்;
குழவி ஒரே பக்கமாய்ச் சுற்ற வேண்டும்.
எவுடால்ட் கூப்பிட்டான்.
"ரெமேய், நாற்பத்தேழு தொட்டியைக் கவிழ்த்துவிட்டது. மறுபடியும்."
பேசிக்கொண்டே ஊற்றியதில் ஒரு மடக்கு கூடிப்போயிற்று.
பார்த்துக்கொண்டிருக்கும்போதே
எண்ணெய் ஒரு பக்கம், பூண்டு ஒரு பக்கம்
முகத்தைத் திருப்பிக்கொண்டன.
முட்டை மஞ்சள் சேர்த்திருந்தால் நின்றிருக்கும்.
அதற்குள்ளும் இருப்பது அதே தரகன்தான்.
சேர்த்தால் அது அலியோலியே இல்லை என்பான் பெரே.
பிரிந்த எண்ணெயில் ரொட்டியைத் தோய்த்து
இருவரும் பேசாமல் தின்றோம்.

பத்தாம் நாள் கணக்கு வந்தது.
மாட்டுக்கொழுப்பில் நூற்றுக்கு எழுபத்துநான்கு செரித்தது;
லெசித்தின் சேர்ந்த இடத்தில் எண்பத்தொன்று.
சோயா எண்ணெய்க்காரர்களிடம் பெரிய வித்தியாசமில்லை,
அது தானாகவே பழகும் ஜாதகம்.
தீவனக் கம்பெனியின் ஃபெரியோல்
கோட்டைக் கழற்றாமலே சிரித்தார்.
இந்தப் படம் போதும் என்றார்.

முப்பத்தைந்தாம் நாள்:
எண்பத்தைந்து, எண்பத்தாறு.
குட்டிகள் தாமாகவே பித்தம் சுரக்கப் படித்துவிட்டன.
தரகனுக்கு இனி அந்த வீட்டில் இலை கிடையாது.
அந்தப் படம் பின்னிணைப்புக்குப் போகட்டும் என்றார் ஃபெரியோல்.
எவுடால்ட் பேனா மூடியைக் கடித்தான்.
நீண்ட நேரம் கடித்தான்.
பிறகு, இரண்டும் ஒரே பக்கத்தில்தான், என்றான்.
என்னை யாரும் கேட்கவில்லை.
நான் கொழுப்பு வடித்த குடுவைகளைக் கழுவிக்கொண்டிருந்தேன்.
சோப்புக்கும் இதே தொழில்தான்.

நாற்பத்தேழைக் கணக்கிலிருந்து நீக்கினோம்.
மாட்டுக்கொழுப்பு, லெசித்தின் இல்லை,
பத்தாம் நாளே எண்பத்தொன்பது.
கூண்டுக் கம்பியில் இரண்டு விரல் இடைவெளி.
தன் தொட்டியைக் கவிழ்த்துவிட்டு
இரவெல்லாம் பக்கத்துத் தொட்டியில் நாக்கு.
அட்டவணைக்கு அடியில் ஒரு நட்சத்திரக் குறி,
அதற்கு ஒரு வரி விளக்கம்.
அதன் சரித்திரம் அவ்வளவுதான்.

திங்கட்கிழமை அடுத்த தொகுதி வருகிறது.
இடைவெளியை அடைக்கச் சொல்லிக்
கம்பிச் சுருள் கொடுத்திருக்கிறார்கள்.
மூன்று நாளாய் அது காரின் பின்சீட்டில் கிடக்கிறது.
இன்றைக்குப் பனியில் நான்காவது கம்பமே தெரியவில்லை.